‘ஃபுல் ரேஸ் பில்ட்’ என்று மோட்டோகிராஸ் வண்டி விற்கிறார்களா? பணம் போடுமுன் படியுங்கள்

சொந்தக் காசில் மண் ரேஸ் ஓட்டுகிற பசங்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டு மோட்டோகிராஸ் வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்று சீட்டுப் பணம், போனஸ் என்று யாராவது சேர்த்து வைத்திருந்தால், அட்வான்ஸ் போடுமுன் ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்கு விற்றவர்கள் இன்னும் அதே முறையில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். கடைப் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் வக்கீல் வேண்டாம் என்றார். பெயரைவிட அவர்கள் ஏமாற்றுகிற முறை தெரிவதுதான் முக்கியம், ஏனென்றால் நாளைக்கு வேறொரு கடையும் இதையே செய்யலாம்.

நான் கோவைக்காரன், பம்ப் கம்பெனியில் சிஎன்சி ஓட்டுகிறேன். கோவை ரேஸ் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேதான் தெரியும். அது தார் ஓட்டம். மண்ணில் குதித்து ஓட்டுகிற எங்களுக்கு வண்டி கிடைப்பதே பெரிய பாடு. கம்பெனி டீமில் இருப்பவர்களுக்கு வண்டி, மெக்கானிக், பார்ட்ஸ் எல்லாம் டீமே தரும். பிரைவேட்டாக ஓட்டுபவனுக்கு என்ட்ரி ஃபீஸ் முதல் பிக்கப் வண்டி வாடகை வரை எல்லாமே சொந்தச் சம்பளம். 2024 நவம்பரில் கேடிஎம் தன் மோட்டோகிராஸ் வண்டிகளை இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தபோது 250 எஸ்எக்ஸ்-எஃப் எக்ஸ்-ஷோரூம் விலை 9.58 லட்சம். கவாசாகியின் கேஎக்ஸ் வரிசையும் லட்சக்கணக்கில்தான். அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் இம்போர்ட்டான பழைய 250 சிசி வண்டி ஒன்றைத் தேடி அலைகிறோம். 2024 தொடக்கத்தில் இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக் புனே, அகமதாபாத், பெங்களூரில் நடந்தது. அதற்கப்புறம் இந்த வண்டிகளைக் கேட்பவர்களும் கூடினார்கள், கேட்பவர்களை வைத்துச் சம்பாதிக்க நினைப்பவர்களும் கூடினார்கள்.

நான் வாங்கியது ஹோண்டா சிஆர்எஃப் 250ஆர். வெளிமாநிலக் கடை. 2017 மாடல், 22 மணி நேரம்தான் ஓடியது, ஃபுல் ரேஸ் பில்ட் (அதாவது ரேஸுக்கென்றே இன்ஜினை மாற்றிக் கட்டியது), இன்ஜினில் ஹை கம்ப்ரெஷன் பிஸ்டன், விலை 3.80 லட்சம் என்றார்கள். நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன். வண்டி வேறு ஊர் கோடவுனில் இருக்கிறது, டிராக்கில் டெஸ்டுக்குப் போயிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். சரி, வீடியோ அனுப்புங்கள் என்றேன். வந்தது. கிக் அடித்ததும் ஸ்டார்ட் ஆகிறது, ஹவர் மீட்டரில் 22 தெரிகிறது. சேசிஸ் நம்பர் போட்டோ கேட்டேன், அதுவும் வந்தது. இன்வாய்ஸ் நகல் கேட்டேன், அதிலிருந்த நம்பரும் போட்டோவில் இருந்த நம்பரும் ஒன்றாகவே இருந்தன. முழுப் பணமும் பேங்க் வழியாகப் போன பிறகுதான் பார்சல் லாரியில் ஏற்றினார்கள்.

வந்து இறங்கியது வேறு வண்டி.

பார்த்தவுடன் தெரியவில்லை. 2014 முதல் 2017 வரை அந்த மாடலுக்கு மேல் பிளாஸ்டிக் ஒன்றேதான். புதிய பிளாஸ்டிக், புதிய கிராபிக்ஸ் ஸ்டிக்கர் போட்டுவிட்டால் மூன்று வருஷம் மறைந்துவிடும். எங்கள் மெக்கானிக் அண்ணாதான் முதலில் ஹேண்டில்பாரைப் பார்த்தார். “கண்ணு, மோட் பட்டன் எங்க?” என்று கேட்டார். 2015 முதல் இந்த வண்டியில் இன்ஜின் மோட் மாற்ற ஹேண்டில்பாரில் ஒரு சின்ன பட்டன் உண்டு. இதில் இல்லை. அப்புறம் ஃபோர்க்கின், அதாவது முன் சஸ்பென்ஷனின், மேல்மூடியைப் பார்த்தார். 2015 முதல் 2017 வரை வந்தவற்றில் ஷோவாவின் காற்று ஃபோர்க், அதாவது உள்ளே ஸ்பிரிங் கிடையாது, காற்று நிரப்ப வால்வு இருக்கும். எங்களுக்கு வந்ததில் சாதாரண ஸ்பிரிங் ஃபோர்க். பழைய வீடியோவை எடுத்து வைத்துப் பார்த்தோம். அதில் பட்டனும் இருக்கிறது, ஃபோர்க் வால்வும் இருக்கிறது.

ரேஸ் நம்பர் ஒட்டுகிற முன் பிளேட்டைக் கழற்றினோம். ஸ்டீயரிங் ஹெட்டில் சேசிஸ் நம்பர் பஞ்ச் அடித்திருக்கும் இடத்தை அப்படியே மூடி ஒரு ஸ்டிக்கர். ஹேர் டிரையரால் சூடு காட்டி உரித்தால், போட்டோவில் வந்த நம்பருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த வண்டிகளில் 17 எழுத்துச் சேசிஸ் நம்பரின் 10-வது எழுத்து மாடல் வருஷத்தைச் சொல்லும். 2014-க்கு ஈ, 2015-க்கு எஃப், 2016-க்கு ஜி, 2017-க்கு ஹெச். போட்டோவில் ஹெச். வண்டியில் ஈ.

இன்ஜின் கதை இதைவிட மோசம். குளிர்ந்த நிலையில் கிக் அடித்து அடித்துக் கால் ஓய்ந்துபோனது. ஒருவழியாக ஸ்டார்ட் ஆகிச் சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி எழவே இல்லை. இந்த வகை நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில், இன்ஜினுக்குள் காற்றை விடுகிற இன்டேக் வால்வு டைட்டானியத்தில் இருக்கும். மேலே மெல்லிய கோட்டிங். ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி உள்ளே போனால் அந்தக் கோட்டிங்கும் வால்வு உட்காரும் சீட்டும் தேயும். தேயத் தேய வால்வு மேலே ஏறி, வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்துகொண்டே வரும். இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரெஷன் நிற்காது. இதை மறைக்க விற்பவர்கள் ஒரு வேலை செய்வார்கள்: மெல்லிய ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகடு) போட்டு இடைவெளியைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள். சில மணி நேரத்துக்கு வண்டி நன்றாக ஓடும். ஆனால் கோட்டிங் போன வால்வு வேகமாகத் தேயும், அதனால் இடைவெளி மறுபடி போய்விடும். எங்கள் வண்டியில் மிக மெல்லிய ஷிம் போட்டிருந்தார்கள், அதற்கப்புறமும் இடைவெளி சுத்தமாக இல்லை.

ஏர் ஃபில்டர் பார்ப்பதற்குப் புதிதாக, எண்ணெய் தடவி அழகாக இருந்தது. அண்ணா அதைக் கழற்றிவிட்டு, இன்ஜினுக்குக் காற்றுப் போகிற ரப்பர் குழாயின் உள்பக்கம் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தார். துணியில் செம்மண் நிறத்தில் ஒரு பட்டை. விரலில் தேய்த்தால் நறநறவென்றிருந்தது.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினோம். ஹை கம்ப்ரெஷன் பிஸ்டனும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்த வண்டிகளின் அலுமினிய சிலிண்டருக்கு உள்ளே நிக்கல் பூச்சு இருக்கும். கீறல் விழுந்தால் திரும்பப் பூச்சுப் போட வேண்டும், இல்லையென்றால் புது சிலிண்டர். இதில் யாரோ லேத்தில் கொடுத்து உள்ளே இரும்புக் குழாய் மாதிரி ஒரு ஸ்லீவ் அடித்திருக்கிறார்கள். நான் நாள் முழுக்க மெஷினில் அளவு பார்க்கிறவன். ஸ்லீவ் மேல்விளிம்பும் சிலிண்டர் முகமும் சமமாக இல்லை என்பது நகத்தை ஓட்டினாலே தெரிந்தது. அந்த விளிம்பில்தான் ஹெட் கேஸ்கட் கசிந்திருக்கிறது. இதைத்தான் ‘ரேஸ் பில்ட்’ என்று விற்றார்கள்.

22 மணி நேரம் என்ற கணக்குக்கும் வருகிறேன். ஹவர் மீட்டர் என்பது பிளக் வயரைச் சுற்றி ஒரு கம்பி, ஒட்டுவதற்கு ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். எந்த வண்டியிலிருந்தும் கழற்றி எந்த வண்டியிலும் ஒட்டலாம். இந்த மாதிரி 250-க்கு ஹோண்டா கையேடு சொல்லும் பிஸ்டன் மாற்றும் கணக்கு 6 ரேஸ் அல்லது சுமார் 15 மணி நேரம். அப்படியென்றால் 22 மணி நேரம் ஓடிய வண்டிக்கு ஒரு பிஸ்டனாவது மாறியிருக்க வேண்டும். விற்பவரிடம் மீட்டரைக் காட்டச் சொல்வதைவிட, அந்தப் பிஸ்டனை எங்கே வாங்கினீர்கள், பில் எங்கே, பழைய பிஸ்டன் எங்கே என்று கேளுங்கள். ஒழுங்காக ரேஸ் ஓட்டியவன் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருப்பான். பழைய பிஸ்டனைக்கூட ஷெல்ஃபில் வைத்திருப்பான்.

கடைக்குப் போன் செய்தேன். முதல் பதில், “ப்ரோ, ரேஸ் வண்டின்னா அப்படித்தான் ப்ரோ இருக்கும், நீங்க செட் பண்ணிக்கணும்.” சேசிஸ் நம்பரைக் கேட்டதும், கடைப் பையன் போட்டோவை மாற்றி அனுப்பிவிட்டான் என்றார்கள். இன்வாய்ஸ் நகலும் அதே நம்பரில் எப்படி வந்தது என்றேன். லைன் கட். அதற்கப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். ஜிஎஸ்டி பில்லும் கடைசி வரை வரவில்லை.

பேப்பர் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். மோட்டோகிராஸ் வண்டிக்கு ஆர்.சி. கிடையாது, ரோட்டில் ஓட்டவும் முடியாது. அதனால் “இதுக்குப் பேப்பரே தேவையில்லை” என்று விற்பவர்கள் சொல்வார்கள். தேவை. வெளிநாட்டு வண்டிக்குச் சுங்கத்தில் தீர்வை கட்டிய பில் ஆஃப் என்ட்ரி இருக்க வேண்டும், அதில் இந்த வண்டியின் சேசிஸ் நம்பர் இருக்க வேண்டும். போட்டிக்கென்று தற்காலிகமாக உள்ளே வந்த வண்டி போட்டி முடிந்து திரும்பிப் போயாக வேண்டும். அதை இங்கேயே விற்றுவிட்டால், வாங்கியவன் கையில் இருப்பது சுங்கத்துறை எப்போது வேண்டுமானாலும் பறிமுதல் செய்யக்கூடிய சரக்கு. என் வண்டி எந்த வழியாக வந்தது என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டும் இல்லை.

இப்போது பில்ட் செய்த வண்டியா, ஸ்டாக் வண்டியா என்ற கேள்வி. சொந்தக் காசில் ஓட்டுபவன் ஸ்டாக் வண்டிதான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கம்பெனியிலிருந்து வந்த பிஸ்டன், வந்த கேம், வந்த சைலன்ஸர். அதற்கு அளவு இருக்கிறது, கையேடு இருக்கிறது, பார்ட் நம்பர் இருக்கிறது. திறந்து பார்த்தால் சரியா தப்பா என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். பில்ட் செய்த இன்ஜினில் எது யார் வைத்த அளவு என்று கட்டியவனுக்கு மட்டும்தான் தெரியும். ஸ்டாக் 250 ஒன்றுக்கே ஏறக்குறைய 40 குதிரைசக்தி இருக்கிறது. அதை முழுசாகப் பயன்படுத்துகிற ஓட்டிகள் நம்மிடையே குறைவு. இன்ஜினில் கொட்டும் காசை சஸ்பென்ஷனில் போடுங்கள். ஸ்டாக் ஸ்பிரிங் ஏறக்குறைய 70 கிலோ ஆளுக்கு வைத்தது. நீங்கள் 85 கிலோ என்றால் ஸ்பிரிங்கை மாற்றி, ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் 100 முதல் 105 மி.மீ. இறங்குகிற மாதிரி செட் செய்தாலே வண்டி வேறு மாதிரி ஓடும்.

எந்த வண்டி என்பதைவிட, பிஸ்டன் கிட் ஒரு வாரத்தில் கைக்கு வருமா என்று பாருங்கள். சிஆர்எஃப் 250ஆர் அருமையான வண்டி, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இங்கே ஷோரூமில் விற்காத வண்டிக்கு ஒவ்வொரு வால்வும் கேஸ்கட்டும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எனக்கு இன்ஜின் ஹெட், சிலிண்டர் வேலைக்குப் போட்ட எஸ்டிமேட்டே 1.60 லட்சத்தைத் தாண்டியது. இரண்டு ஸ்ட்ரோக் பிடிக்கும் என்பவர்கள் யமஹா ஒய்இசட் 250-ஐ யோசிக்கலாம். 2006-க்குப் பிறகு பல வருஷம் பெரிய மாற்றமில்லாமல் வந்ததால் ஒரு வருஷத்துப் பார்ட்ஸ் இன்னொரு வருஷத்துக்குச் சேரும், பிஸ்டன் மாற்றுவதும் ஒரு சாயங்கால வேலை. அதுவும் இம்போர்ட்தான், அதே பேப்பர் பரிசோதனை அதற்கும் உண்டு.

கையில் இரண்டு லட்சம்தான் இருக்கிறது என்றால் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 4வி வாங்குங்கள். 2022-ல் வந்தபோது அதன் ரேலி எடிஷன் விலை 1.52 லட்சம், முன்னால் 250, பின்னால் 220 மி.மீ. சஸ்பென்ஷன் பயணம், இரண்டும் அட்ஜஸ்ட் செய்யலாம். ஏறக்குறைய 19 குதிரைசக்தி, 160 கிலோ. வெளிநாட்டு வண்டியோடு ஒப்பிடவே முடியாது, குதித்து இறங்கினால் கை அறியும். ஆனால் கிளட்ச் பிளேட் ஒண்டிப்புதூரிலேயே கிடைக்கும், இந்திய வண்டிகளுக்கென்று தனிப் பிரிவில் ஓட்டலாம். நான் இந்த சீசனை ஓட்டிக்கொண்டிருப்பது நண்பனின் எக்ஸ்பல்ஸில்தான்.

இம்போர்ட் வண்டிதான் வேண்டும் என்பவர்கள் வீடியோவை நம்பாதீர்கள். நேரலை வீடியோ காலில், நம்பர் பிளேட்டைக் கழற்றச் சொல்லி, ஸ்டீயரிங் ஹெட்டிலிருந்து கேமராவை எடுக்காமல் அப்படியே ஹேண்டில்பார், ஃபோர்க், இன்ஜின் என்று நகர்த்தச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில் போங்கள், போகும்போது இன்ஜின் ஆறிக் கிடக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய நிலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உங்களுக்காக முன்பே எழுப்பி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வால்வு இடைவெளியை உங்கள் மெக்கானிக் எதிரிலேயே அளக்க ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்கவே வேண்டாம்.

என் புகாரின் நிலை இதுதான். மோசடி என்று போலீஸில் பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவின் கீழ் புகார் கொடுத்திருக்கிறேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் பதிந்திருக்கிறேன். கடை வெளிமாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே பதியலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் பதிய வேண்டும். வழி தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து கேளுங்கள். பேங்க் ரசீது, சாட், வீடியோ எதையும் அழிக்காதீர்கள். அந்த வீடியோதான் இப்போது என் கையில் இருக்கிற பெரிய ஆதாரம்.

சமீபத்தில் வெளிமாநிலக் கடையிலிருந்து பார்சலில் 250 இறக்கியவர்கள், இன்றைக்கே நம்பர் பிளேட்டைக் கழற்றி சேசிஸ் நம்பரைப் பாருங்கள். அதன் மேல் ஸ்டிக்கர் இருந்தாலோ, இன்வாய்ஸில் உள்ளதற்கு மாறாக இருந்தாலோ எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். ஒரே கடை என்று தெரிந்தால் சேர்ந்தே புகார் கொடுக்கலாம், என் வக்கீல் தயாராக இருக்கிறார்.