கோயில் தளத்துக்கு விளம்பரம் தேர்ந்தெடுப்பது: ஆட்சென்ஸ் தடுப்பு வசதிகளோடு சில ஆண்டுகள்

கடன் தொல்லை தீர வேண்டும் என்று ஒருவர் திருச்சேறை ருண விமோசன லிங்கேஸ்வரரைப் பற்றிப் படிக்க வருகிறார். அந்தப் பக்கம் முழுக்கக் கடன், கடன் நிவர்த்தி என்ற சொற்கள்தான் இருக்கும். விளம்பரம் பொருத்தும் நிரல் அந்தச் சொற்களைப் பார்த்து, ‘ஐந்தே நிமிடத்தில் கடன், ஆவணம் தேவையில்லை’ என்று ஒரு செயலியின் விளம்பரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைக்கும். நிரலுக்குத் தெரிந்தது சொல் மட்டும். படிக்கிறவர் எந்த நிலைமையில் இருக்கிறார் என்பது தளம் நடத்துகிற நமக்குத்தான் தெரியும்.

காவிரிக் கரையில் உள்ள பாடல் பெற்ற தலங்களுக்காக ஒரு தமிழ்த் தளம் நடத்துகிறேன். பதிகம், தல வரலாறு, நடை திறக்கும் நேரம், எந்த ஊரிலிருந்து எந்தப் பேருந்து, இவ்வளவுதான் அதில் இருக்கும். தளங்களில் விளம்பரம் வைத்து, அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழ்ப் பக்கங்களை ஏற்கத் தொடங்கியது. அதன் பிறகு விண்ணப்பித்து, அன்றிலிருந்து விளம்பரம் போட்டு வருகிறேன். சர்வர் வாடகை, டொமைன் புதுப்பிப்பு, கோயில்களுக்குப் போய்வரும் செலவு எல்லாம் அதிலிருந்துதான். விளம்பரமே வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை. ஆனால் என்ன விளம்பரம் வரலாம், வரக்கூடாது என்று சொல்ல ஆட்சென்ஸில் போதுமான வழி இருக்கிறது. தமிழில் தளம் நடத்தும் பலர் அதற்கான அமைப்புப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதிக் கோயில்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு கவலைக்குப் பெயர் பெற்றது. திருமணம் தள்ளிப்போனால் திருமணஞ்சேரி. குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்றால் திருக்கருகாவூர். உடம்புக்கு முடியவில்லை என்றால் வைத்தீஸ்வரன் கோயில். கடனுக்குத் திருச்சேறை. அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர். ஆக, சொல்லைப் பார்த்து விளம்பரம் வரும்போது, வந்தவருடைய கவலையைத் தொட்டுத்தான் வரும். திருமணஞ்சேரிப் பக்கத்தில் டேட்டிங் செயலி. வைத்தீஸ்வரன் கோயில் பக்கத்தில் சர்க்கரை நோயை அடியோடு விரட்டும் லேகியம். அந்த ஊர் நாடி ஜோதிடத்துக்கும் பெயர் போனது என்பதால் ஜோதிட விளம்பரம் வேறு. இதெல்லாம் ‘பொருத்தமான’ விளம்பரங்கள்தான். பொருந்தியிருப்பதால்தான் படிப்பவர் மனம் நோகிறது.

ஆட்சென்ஸ் கணக்கில் பிராண்டு பாதுகாப்பு என்ற பகுதிக்குள் தடுப்புக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அதில் உணர்வுபூர்வமான வகைகள் என்று ஒரு பட்டியல் வரும். தனிநபர் கடன், டேட்டிங், ஜோதிடமும் மாந்திரீகமும், மருந்தும் சத்து மாத்திரையும், உடல் எடைக் குறைப்பு, சீக்கிரம் பணக்காரராகும் திட்டங்கள், அரசியல், மதம், பாலியல் குறிப்புகள், அதிகமாக உடம்பைக் காட்டும் படங்கள், இப்படிப் போகும். ஒவ்வொரு வகைக்கும் நேராக, சமீப நாட்களில் உங்கள் வருமானத்தில் அதன் பங்கு எத்தனை சதவீதம் என்று காட்டும். நான் அந்த எண்ணைப் பார்க்காமலே முடிவு செய்யச் சொல்வேன். எண்ணைப் பார்த்துவிட்டால் கை தயங்கும். தடுத்துவிட்டு அடுத்த மாதம் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

தனிநபர் கடனை முதலில் நிறுத்தினேன். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. செயலி வழியாகக் கடன் வாங்கி, தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கிய கதைகள் நம் ஊரில் எத்தனை! 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. ஒழுங்காக நடக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனால் எது ஒழுங்கானது என்று சாமி கும்பிட வந்தவர் என் பக்கத்தில் நின்று ஆராய வேண்டிய அவசியம் என்ன?

ஜோதிடம்தான் யோசிக்க வைத்தது. கோயில் தளத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஜாதகம் பார்க்கிறவர்கள்தான். அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் விளம்பரமாக வருவதில் பல, ‘உங்கள் வீட்டில் செய்வினை இருக்கிறது, உடனே அழையுங்கள்’ என்ற ரகம். பயந்துபோயிருப்பவரை இன்னும் பயமுறுத்திப் பணம் பறிக்கிற வேலை. நல்ல ஜோதிடரை மட்டும் அனுமதிக்க வகைப் பட்டியலில் வழி இல்லை, எடுத்தால் மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டேன். வருமானம் குறைந்தது. திரும்பச் சேர்க்கவில்லை.

மருந்து விளம்பரத்தில் சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டு மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டத்தின் அட்டவணையில் 54 நோய்கள், உடல்நிலைகள் உள்ளன. நீரிழிவு, புற்றுநோய் எல்லாம் அதில் உண்டு. அவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாது. ஆனாலும் வந்துகொண்டுதான் இருக்கிறது. வைத்தீஸ்வரன் கோயில் வைத்தியநாத சுவாமி சன்னிதியில் தரும் திருச்சாந்துருண்டைப் பிரசாதத்தைப் பற்றி எழுதிய பத்திக்குக் கீழே ஒரு லேகிய விளம்பரம் வந்தால், வயதானவர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்துவிடுவார்கள். ஊசியை நிறுத்திவிடலாமா என்று ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள் என்று உடனே பதில் அனுப்பினேன். மனம் புண்படுவதைத் தாண்டி உடம்பே கெட்டுப்போகிற விஷயம் இது.

மதம் என்ற வகையைத் தடுத்தேன் என்றால் நண்பர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். கோயில் தளத்தில் மத விளம்பரம் வேண்டாமா? காரணம் வேறு மதத்து விளம்பரங்கள் இல்லை. அன்னதானம், கும்பாபிஷேகம், கோசாலை என்று கோபுரப் படத்தோடு நன்கொடை கேட்டு வரும் விளம்பரங்கள். அவற்றில் உண்மையானவை எத்தனையோ இருக்கும். ஆனால் என் தளத்தில் அவற்றைப் பார்க்கிறவர், நானே கேட்பதாக நினைத்துக்கொள்கிறார். ‘நீங்கள் போட்டிருந்தீர்களே, அந்தக் கணக்குக்கு ஐயாயிரம் அனுப்பினேன்’ என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் எழுதியபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. யார் அந்த அறக்கட்டளை என்று எனக்குத் தெரியாது. படிப்பவர் நம்மீது வைத்த நம்பிக்கையை முகம் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விட்டது போல் ஆகிவிடுகிறது.

சூதாட்ட விளம்பரத்துக்கு ஆட்சென்ஸில் தனி ஏற்பாடு. நாமாக அனுமதித்தால்தான் வரும், மதுவும் அப்படியே. அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். தமிழ்நாடு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதன் தடையிலிருந்து விலக்கியது. அப்புறம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் சேர்த்தே தடை செய்தது. விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதம். சில சிறிய விளம்பர நிறுவனங்கள், ‘கேமிங் ஆப்’ என்று பெயர் மாற்றி நேரடியாக மின்னஞ்சலில் வந்து நல்ல விலை பேசுவார்கள். பதிலே போடுவதில்லை.

இனி, வகை பிரித்துத் தடுப்பதால் மட்டும் தீராத விஷயம். திருக்கருகாவூர்ப் பக்கம். கருத்தரிப்பு மருத்துவமனை விளம்பரம் கெட்ட விளம்பரம் இல்லை, சிலருக்கு உதவியாகவும் இருக்கும். ஆனால் கர்ப்பரட்சாம்பிகையைத் தேடி வருகிறவர்களில் ஏற்கெனவே ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவரும் இருக்கிறார். சிரிக்கும் குழந்தையின் படத்தோடு ‘இனியும் தாமதிக்காதீர்கள்’ என்று ஒரு வரி அவர் கண்ணில் படவே கூடாது. ஆட்சென்ஸ் தடுப்புகள் கணக்கு முழுமைக்கும் அல்லது தளம் முழுமைக்கும்தான் செல்லும், ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒரு வகையைத் தடுக்க முடியாது. ஆனால் ஆட்சென்ஸே இடம் பார்த்து வைக்கும் தானியங்கி விளம்பரங்களில் பக்க விலக்கு என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட முகவரியைக் கொடுத்தால் அங்கே தானியங்கி விளம்பரம் எதுவும் வராது. திருக்கருகாவூரையும் திருச்சேறையையும் அதில் சேர்த்திருக்கிறேன். நல்ல வருகை உள்ள பக்கங்கள்தான், இருக்கட்டும்.

திருமணஞ்சேரியில் வரன் தேடும் தளங்களின் விளம்பரங்களை விட்டுவைத்திருக்கிறேன். டேட்டிங் மட்டும் தடுப்பில். சாதிப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு வருபவற்றை விளம்பர மறுஆய்வு மையத்தில் தேடி ஒவ்வொன்றாக நிறுத்துகிறேன். உத்வாகநாதர் சன்னிதியில் யாரையும் சாதி கேட்டு மாலை கொடுப்பதில்லை. அந்த மையத்தில் எழுத்தை வைத்தும் தேடலாம், ஒரு படத்தைப் போன்ற மற்றவற்றையும் எடுத்துக் காட்டும். வாரத்துக்கு ஒரு முறை காபி குடிக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம்.

விளம்பரம் என்ன என்பதைப் போலவே எங்கே வருகிறது என்பதும் முக்கியம். பதிகத்தைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள் நிறையப் பேர். வீட்டுப் பூஜையில், கோயில் பிராகாரத்தில், சில சமயம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில். ஐந்தாம் பாட்டுக்கும் ஆறாம் பாட்டுக்கும் நடுவில் சோப்பு விளம்பரம் வந்தால் பாட்டு அறுந்துபோகும். அதனால் பதிகத்துக்குள் விளம்பரமே கிடையாது, திருக்கடைக்காப்பு என்ற கடைசிப் பாட்டு முடிந்த பிறகுதான் முதல் விளம்பரக் கட்டம். பக்கம் மாறும்போது முழுத்திரையில் வருவது, அடியில் ஒட்டிக்கொண்டே வருவது, இரண்டையும் அணைத்துவிட்டேன். தானியங்கி விளம்பரத்தில் இவற்றுக்குத் தனித்தனிப் பொத்தான்கள் உள்ளன. தெரியாமல் விரல் பட்டு எங்கோ போய்விடுகிறது என்று பெரியவர்கள் சொல்லிவந்த குறை அதோடு நின்றது.

அசைவ விளம்பரம் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பிரியாணி விளம்பரம் யாரையும் ஏமாற்றுவதில்லை, பயமுறுத்துவதில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் சைவ உணவுக்காரர்களும் இல்லை. பொதுவாக விட்டுவிடுகிறேன். புரட்டாசியிலும் கார்த்திகையிலும் உணவு வகையைத் தற்காலிகமாக நிறுத்துவது வழக்கம்.

ஒரே பக்கத்தில் எனக்கு ஒரு விளம்பரம், உங்களுக்கு வேறு. அவரவர் இணையத்தில் பார்த்ததை ஒட்டியும் விளம்பரம் வரும் என்பதால், யாராவது ஆபாசமாக ஏதோ வந்தது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், ‘உங்கள் போனில் பார்த்ததைத்தான் காட்டுகிறது’ என்று பதில் சொல்லும் வழக்கம் தள உரிமையாளர்களிடம் இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். பேரன் கையில் இருந்த போனாக இருக்கலாம், வீட்டில் நாலு பேர் தொடும் போனாக இருக்கலாம். குறை சொல்ல வந்த எழுபது வயதுப் பெரியவரைக் குற்றவாளி ஆக்குகிற பதில் அது. நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த விளம்பரத்தின் முகவரி தெரிந்தால் அனுப்பச் சொல்வேன். முகவரி கிடைத்தால் விளம்பரதாரர் தடுப்பில் சேர்த்துவிடலாம், 500 முகவரி வரை கொள்ளும். சரிபார்க்கிறேன் என்று நம் தளத்து விளம்பரத்தை நாமே கிளிக் செய்யக் கூடாது, கணக்கே போய்விடும்.

வருமானம் எப்படி என்பதுதான் எல்லாரும் கடைசியில் கேட்பது. நூறு டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். இத்தனை தடுப்புகளோடு எனக்கு மாதாமாதம் வருவதில்லை, சேர்ந்து சேர்ந்துதான் வருகிறது. மீதியை உள்ளூர் விளம்பரங்கள் ஈடுகட்டுகின்றன. நாச்சியார்கோயில் குத்துவிளக்குக் கடை ஒன்று, கும்பகோணத்திலிருந்து நவகிரகத் தலங்களுக்கு வேன் ஓட்டும் ஒருவர், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்குச் சமையல் செய்து தரும் குடும்பம். ஆளைப் பார்த்து, கடையைப் பார்த்து, மாத வாடகை பேசி, ‘விளம்பரம்’ என்று மேலே தெளிவாக எழுதிப் போடுகிறேன். இணைப்பில், இது காசு வாங்கிப் போட்டது என்று தேடுபொறிக்குச் சொல்லும், கூகுள் 2019-இல் கொண்டுவந்த ஸ்பான்சர்டு குறியீட்டையும் சேர்த்துவிடுவது நல்லது. தேடலில் பின்னால் சிக்கல் வராது.

சமையல்காரர் தந்த வாசகத்தில் ‘எங்களிடம் ஹோமம் செய்தால் ஆயுள் நூறு உறுதி’ என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்தால் போடுகிறேன் என்றேன். ‘சரிங்க, அந்த இடத்துல சாப்பாட்டு மெனுவைப் போட்டுருங்க’ என்றார். வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு காரக்கறி, அக்கார அடிசில் என்று இலை நிறைய எழுதிக் கொடுத்தார். அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் அதிகம் பேர் கூப்பிடுகிறார்களாம்.