பாட்டிலில் ஓட்டிக் காட்டி 'லிட்டருக்கு 72' என்றால் நம்பாதீர்கள்

பெட்ரோல் நூறு ரூபாயைத் தொட்டதிலிருந்து, பைக்கில் மாட்டினால் லிட்டருக்குக் கூடுதல் கிலோமீட்டர் தரும் என்று விற்கிற மைலேஜ் கிட் வியாபாரம் சூடாக நடக்கிறது. அதில் ஏமாந்த ஒரு வண்டியைப் பிரித்தபோது கிடைத்ததை அப்படியே எழுதுகிறோம். கடை பெயர் வேண்டாம். ஒரே ஆள் செய்கிற வேலையில்லை இது.

வண்டி 100 சிசி பைக், கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாடல். டவுனுக்குள் லிட்டருக்கு 48 கிலோமீட்டர்தான் தருகிறது என்று மெக்கானிக் ஷெட்டுக்குப் போயிருக்கிறது. கிட்டுக்கு 1,800 ரூபாய், பில் கிடையாது. கண்முன்னே பாட்டில் டெஸ்ட் செய்து 100 மில்லியில் 7.2 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். நாலே மாதத்தில் பைபாஸில் பிஸ்டன் பிடித்து (சிலிண்டருக்குள் இறுகி அசையாமல் போய்) நின்றுவிட்டது.

முதலில் அந்த டெஸ்டைப் புரிந்துகொள்ளுங்கள், சூது அங்கேதான் இருக்கிறது. டேங்க் ட்யூபைக் கழற்றிப் பாட்டிலில் மாட்டும்போது கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஏற்கெனவே பெட்ரோல் நிறைந்திருக்கும். பாட்டில் காலியான பிறகும் வண்டி அதில் ஓடும். கிண்ணத்தில் 20 மில்லி நின்றது என்று வையுங்கள். நிஜமாக 60 தருகிற வண்டி 120 மில்லியில் 7.2 கிலோமீட்டர் போகும். கணக்கு 100 மில்லிக்குப் போடுவதால் அதுவே 72 ஆகிவிடுகிறது. ஒழுங்காகச் செய்கிறவர் முதலில் பாட்டில் பெட்ரோலில் வண்டி தானாக அணையும் வரை ஓட்டிக் கிண்ணத்தைக் காலி செய்வார். அப்புறம்தான் 100 மில்லி ஊற்றி, மறுபடி அணையும் வரை ஓட்டுவார். அப்படியே செய்தாலும், சூடான இன்ஜினில், ஒற்றை ஆளாக, டாப் கியரில் 40-ல் போகிற கணக்கு அது. சிக்னலும் பின்சீட்டு ஆளும் உள்ள டவுன் ஓட்டத்தோடு அதை ஒப்பிடவே முடியாது.

சரி, உள்ளே என்ன இருந்தது? பெட்ரோல் ட்யூபில் ஒரு காந்தம். பெட்ரோலைக் காந்தம் ஒன்றும் செய்யாது. 50 ரூபாய்ப் பொருள், கெடுதலும் இல்லை. கெடுதல் மற்ற மூன்றில். கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் துளை போட்டு ஸ்பிரிங் வைத்த சின்ன வால்வு ஒன்றைச் செருகியிருந்தார்கள். அது வெளிக்காற்றைப் பில்டர் இல்லாமல் நேராக உள்ளே இழுக்கும். காற்றோடு மண்ணும் போகும். சிலிண்டரின் உள்சுவரில் மேலிருந்து கீழாக நகக்கீறல் மாதிரி கோடுகள் விழுந்திருந்தன. அடுத்து, கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியான நீடிலின் கிளிப்பை மேல் காடிக்கு (கிளிப் உட்காரும் பள்ளத்துக்கு) மாற்றியிருந்தார்கள். கிளிப் மேலே போனால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். மூன்றாவது, பெட்ரோல் வருகிற சின்னத் துளையுள்ள மெயின் ஜெட்டின் துளைக்குள் ஒயரிலிருந்து உரித்த ஒற்றைச் செம்பு இழை. இதுதான் கிட்!

பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் இன்ஜின் சூடேறும். பிளக் முனை காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டியது, சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. இழுவை போய்விடுவதால் ஓட்டுகிறவர் ஆக்ஸிலேட்டரைக் கூடுதலாக முறுக்குவார். மிச்சம் பிடித்ததும் அதில் போய்விடும். அந்தச் சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும், ஆயில் படலம் அறுந்து பிஸ்டன் பிடிக்கும். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்ப்பரேட்டருக்கு அதுவே கலவையைக் கொஞ்சம் ஒல்லியாக்கும், அதாவது காற்று கூடியதாக்கும். அதன்மேல் ஜெட்டையும் அடைத்தால் இன்ஜின் தாங்காது. எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் லிட்டருக்கு ஏழு சதவீதம் வரை சக்தி குறைகிறது. மைலேஜ் விழுந்ததில் அதற்கும் பங்கு உண்டு, அதை எந்தக் கிட்டாலும் திருப்பித் தர முடியாது.

அப்படியானால் 48 தந்த வண்டி அன்றைக்கு 60 தந்தது எப்படி? பின் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. கிட் மாட்டும்போது அதைத் தளர்த்தி, டயருக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஏர் பில்டரையும் மாற்றியிருக்கிறார்கள். இருநூறு முந்நூறு ரூபாய் வேலை. பலன் தந்தது அது, காசு வாங்கியது கிட். இதுதான் நெஞ்சு பொறுக்காத விஷயம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் ஒரு சுற்றாவது வர வேண்டும். பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிரம் பக்கத்தில் கை வையுங்கள், சுட்டால் பிரேக் உரசுகிறது. பிரேக் பெடலில் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் ப்ளே (பிரேக் பிடிப்பதற்கு முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) இருக்கட்டும். செயின் நடுவில் மேலும் கீழுமாக அதே அளவு ஆடலாம். காற்று முன்னால் 25, பின்னால் தனியாளுக்கு 28 பி.எஸ்.ஐ. பல 100 சிசி வண்டிகளுக்குப் பொருந்தும். உங்கள் வண்டிக்கு உரியது ஸ்டிக்கரில் இருக்கும். காலையில் ஸ்டார்ட் ஆவதற்குப் போட்ட சோக்கை இறக்க மறப்பதும், கிளட்சைப் பாதி பிடித்தே ஓட்டுவதும் பெட்ரோலைக் குடிக்கிற பழக்கங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, கார்ப்பரேட்டர் இல்லாத பி.எஸ்.6 (புகை விதி) இன்ஜெக்ஷன் வண்டிக்கும் இதே வால்வை விற்கிறார்கள். சைலன்சரில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் கூடுதல் காற்றைக் கண்டதும் ஈ.சி.யூ. என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிவிடும். கையில் மிஞ்சுவது வாரண்டி தகராறுதான்.

ஏற்கெனவே மாட்டிவிட்டீர்களா? வால்வை எடுத்துவிட்டு, துளைபோட்ட மேனிஃபோல்டை (கார்ப்பரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் குழாயை) மாற்றுங்கள். எம்சீல் வைத்து அடைத்தால் சூட்டில் விட்டுவிடும். கிளிப்பைக் கம்பெனி சொன்ன காடிக்குக் கொண்டுவாருங்கள். ஜெட்டில் எண் பொறித்திருக்கும், அதே எண்ணில் புதிது வாங்குங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். 200 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள்.

மைலேஜை டேங்கிலேயே அளந்து பாருங்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், சென்டர் ஸ்டாண்டு, நாசில் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். 250 கிலோமீட்டராவது ஓட்டி, மறுபடி அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுங்கள். மூன்று முறை செய்யுங்கள். ஐந்து சதவீதத்துக்குள் வரும் வித்தியாசம் நாசில் நிற்பதில் உள்ள ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம். பணம் கொடுத்து மாட்டியவர்கள் பில்லோ, ஜிபே ரசீதோ, கழற்றிய பாகங்களோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கும்போது அவைதான் கேட்கப்படும்.