ஒன்றாம் தேதிச் சம்பளமா, சனிக்கிழமைக் கூலியா?

மதுரையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன ஆண்டில் அதை விட்டுவிட்டு, வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியிலேயே கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை (கொக்கி ஊசியால் மணியும் ஜரியும் கோத்துப் போடும் பூவேலை) செய்து தரும் சிறு கூடம் ஒன்றைத் தொடங்கினேன். இப்போது நான்காம் ஆண்டு நடக்கிறது. அன்று முதல், கைக்குழந்தையோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் அலுவலகம் போய்வரும் பெண்கள் "நானும் வேலையை விட்டுரவாக்கா?" என்று கேட்காத மாதம் இல்லை. அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் தொழிலின் பக்கம் சாய்ந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேலதிகாரியின் தொல்லை, இரவு நேர அழைப்புகள், பெரியார் பேருந்து நிலையத்து நெரிசல் ஆகியவற்றைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அலுவலகம் போகிற எல்லோருக்கும் தெரிந்தவைதான். தொழில் என்றால் நேரம் நம் கையில் இருக்கும் என்ற பேச்சை மட்டும் பாதி நம்பினால் போதும். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்க என்னால் முடிகிறது. ஆனால் முகூர்த்த வாரத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் விடுப்பு எழுதிக் கொடுக்க எனக்கு மேலே யாரும் இல்லை, மணப்பெண்ணின் தேதியும் நகராது.

வேலையின் ருசி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பட்டர் பேப்பரில் கொடியும் மயிலும் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, பட்டுத்துணியின் மேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த சாக்பொடியைப் பஞ்சால் தேய்த்து எடுக்கும்போது, கருநீலத் துணியில் மயில் வெள்ளைப் புள்ளிகளாக எழுந்து நிற்கும். ஒன்பது ஆண்டுகளில் நான் எழுதிக் கொடுத்த எந்த நிரலும் எனக்கு அந்த நிறைவைத் தந்ததில்லை. ஆனாலும் நாளின் பத்து மணி நேரத்தில் இந்தக் கலைக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம்தான். மீதி நேரம் விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் மணிக்கும் ஜரிக்கும் நிறம் பொருத்தி வாங்குவதிலும், அளவு ரவிக்கை கொண்டுவராத வாடிக்கையாளரிடம் கெஞ்சுவதிலும், கணக்கு எழுதுவதிலும் போய்விடுகிறது.

இந்த இரண்டு வழிகளையும் உண்மையில் பிரிப்பது வருமானத்தின் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அவற்றைப் பிரிப்பது பணம் வரும் நாள். அலுவலகத்தில் இருந்தவரை சம்பளம் ஒன்றாம் தேதி வந்தது, வீட்டுக் கடன் தவணை ஐந்தாம் தேதி போனது, இடையில் எனக்கு எந்த வேலையும் இல்லை. இப்போது சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் கையிலிருந்து கூலி போகிறது. என்னிடம் ஆரி போடுகிற இருவரும் பிள்ளை பெற்ற பெண்கள்தாம். நாளொன்றுக்கு ரூ.750 வீதம் ஆறு நாளைக்கு இருவருக்குமாக ரூ.9,000 வேண்டும். "இந்த வாரம் முழுசாக் குடுத்துருங்கக்கா, குழுவுக்குத் தவணை கட்டணும்" என்று ஒருவர் சொல்லும்போது, வாடிக்கையாளரிடமிருந்து எனக்கு வரவேண்டிய பணத்தின் கதையை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சம்பளம் வாங்குகிறவளாக ஒன்பது ஆண்டுகள் இருந்தவள் கூலி கொடுக்கிறவளாக மாறுவதுதான் இதில் உள்ள பெரிய மாற்றம், அதற்குத்தான் நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

ஒரு ரவிக்கையின் கணக்கைப் பாருங்கள். விலை ரூ.6,000. மூன்று ஆள்நாள் கூலி ரூ.2,250, மணி, ஜர்தோசி, கல், நூல் எல்லாம் சேர்ந்து ரூ.850, உள்துணியோடு தையல் ரூ.700. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய தையல்காரர் ஒருவர்தான் எனக்குத் தைத்துத் தருகிறார், அவரும் கடன் வைப்பதில்லை. ஆக, ரவிக்கை என் கையை விட்டுப் போகும் முன் ரூ.3,800 செலவாகிவிடுகிறது, நிற்பது ரூ.2,200. தொடக்கத்தில் ஊர் வழக்கப்படி ரூ.1,000 மட்டும் முன்பணமாக வாங்கினேன். அப்படியானால் ஒரு ரவிக்கைக்கு ரூ.2,800 என் பணம், மாதம் பதினைந்து ரவிக்கைக்கு ரூ.42,000. விலையில் பாதியை முன்பணமாகக் கேட்கத் துணிந்த பிறகு அதே பதினைந்துக்கு என் கையிலிருந்து போவது ரூ.12,000 ஆகக் குறைந்தது. வேலையும் லாபமும் அப்படியே இருக்க, என் இரவுத் தூக்கம் மட்டும் திரும்பி வந்தது. பாதி முன்பணம் கேட்டதால் சிலர் வேறு கடைக்குப் போனார்கள் என்பதும் உண்மை.

நல்ல மாதத்தில் பதினைந்து ரவிக்கைக்கு நிற்கும் ரூ.33,000-ல் மின்கட்டணமும் போக்குவரத்தும் போக மிஞ்சுவது, நான் விட்டுவந்த சம்பளத்தைவிடக் குறைவு. நான்காம் ஆண்டிலும் அந்த இடைவெளி முழுதாக மூடவில்லை. பெரிய மணமகள் வேலைகள் கூடுதலாக வரும்போது நெருங்கி வருகிறது. கணவரின் சம்பளம் வீட்டுக் கடனைத் தாங்குவதால்தான் என்னால் இதைத் துணிவாக எழுத முடிகிறது. ஒற்றைச் சம்பளத்தில் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு என் கணக்கு பொருந்துமா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

பணம் வரும் நாளுக்கு இன்னொரு முகம் பஞ்சாங்கம். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இல்லை என்பதால் அந்த மாதங்களில் வேலையும் இருக்காது என்று எண்ணியிருந்தேன். நடப்பது வேறு. ஆவணி முகூர்த்தத்துக்கான ரவிக்கைகளை ஆடியில்தான் போடவேண்டும், தை மாதத்துக்கானவற்றை மார்கழியில். அதாவது அந்த மாதங்களில் கூலி முழுதாக வெளியே போகும், ரவிக்கையை ஒப்படைக்கும்போது கிடைக்கும் மீதிப்பணம் மட்டும் உள்ளே வராது. பள்ளிக் கட்டணமோ ஜூன் மாதத்திலேயே கறந்துவிடும். இப்போது ஆறு சனிக்கிழமைக் கூலியை, அதாவது ரூ.54,000-ஐ, தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வைத்திருக்கிறேன். தொழில் தொடங்குகிறவர்கள் ஃபிரேமும் மேசையும் வாங்கும் முன் இதைச் சேர்த்துவிட வேண்டும்.

கடைகளுக்குக் கடன் கொடுத்து வேலை செய்வதை நான் அறவே விட்டுவிட்டேன். முதல் ஆண்டில் ஒரு துணிக்கடை இருபத்திரண்டு ரவிக்கைகளை வாங்கிக்கொண்டு, ஒரு மாதத்தில் தருவதாகச் சொன்ன பணத்தை நான்காம் மாதம்தான் தந்தது. உத்யம் என்ற மத்திய அரசின் குறு, சிறு தொழில் பதிவைப் பெற்ற குறுந்தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தரவேண்டும் என்றும், தவறினால் வட்டி உண்டு என்றும் 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அந்தப் பதிவு இலவசம். நான் அப்போது பதிந்திருக்கவில்லை.

வேலையின் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. இரண்டாவது குழந்தை பற்றி யோசிப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பு உண்டு. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். சொந்தத் தொழிலில் அதற்கு ஈடாக எதுவும் கிடையாது. ஐந்து ஆண்டு நிறையச் சில மாதங்களே இருந்தால் பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) பொறுத்திருக்கலாம். அலுவலகத்தின் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். தனிக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுவரை காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்பதால், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வேலையில் இருக்கும்போதே அதை எடுத்துவிடுவது நல்லது. வங்கிக் கடன் வேண்டுமென்றாலும் சம்பளச் சீட்டு இருக்கும்போதே விண்ணப்பிப்பது எளிது.

வேலையை விடாமல் இரவில் தொழிலையும் பார்ப்பது மூன்றாவது வழி. பதினொரு மாதம் அப்படி ஓட்டினேன். நமக்கு வாடிக்கையாளர் வருவார்களா என்று அறிய அது உதவும், ஆனால் பணி நியமனக் கடிதத்தில் வேறு தொழில் செய்யக்கூடாது என்ற விதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் மஞ்சள் விளக்கில் பொருத்திய நிறங்களைப் பகலில் பிரித்துவிட்டு மறுபடி போட்ட கதைகள் என்னிடம் நிறைய உண்டு. மகள் தூங்கும் முகத்தை மட்டுமே பார்த்த மாதங்கள் அவை. சோதனைக்கு ஆறு மாதம் போதும் என்பது என் எண்ணம். இணையத்தில் வெளியூர், வெளிநாட்டு ஆர்டர் எடுப்பது பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கூரியரில் மூன்று முறைதான் அனுப்பியிருக்கிறேன், மூன்றும் சென்னைக்கு.

விடுவது என்று முடிவெடுத்தால், விடும் மாதத்தைப் பஞ்சாங்கம் பார்த்து வையுங்கள். நான் ஆனிக் கடைசியில் அலுவலகத்தை விட்டு நேரே ஆடியில் இறங்கினேன். அலுவலகக் கணக்கு முடிந்து வரவேண்டிய பணமும் வந்திருக்கவில்லை, இரண்டாம் சனிக்கிழமைக் கூலிக்கு ஒரு ஜோடி வளையலை அடகு வைத்தேன். உங்களுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு விதி இருந்தால் புரட்டாசி நடுவில் கடிதம் கொடுங்கள். கடைசி நாள் மார்கழியில் வரும், தை முகூர்த்த ரவிக்கைகளுக்கான கூலியைக் கடைசிச் சம்பளம் தாங்கும், பொங்கல் கழிந்ததும் மீதிப்பணங்கள் வரத் தொடங்கும். என் வளையலை மீட்க மாசி ஆகிவிட்டது.