மலை ஈரத்துல பிபிசி மைக்ரோவும் 386-உம்: பல வருஷ அனுபவம்

கோத்தகிரில இருந்துக்கிட்டு பழைய கம்ப்யூட்டர் சேர்க்கறவங்களுக்காக இது. என்கிட்ட ஓடற நிலைமைல இருக்கறது ரெண்டு. ஒரு ஸ்கூல்ல கழிச்சுக் கட்டின பிபிசி மைக்ரோ மாடல் பி, அப்புறம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸ்ல சம்பளக் கணக்கு போட்டுக்கிட்டிருந்த 386 (இன்டெல் 386 சிப் போட்ட பழைய பிசி). சமவெளிக்காரங்க குடுக்கற டிப்ஸ் பூரா தூசி, சூடு பத்திதான் இருக்கும், நமக்கு அது ரெண்டும் பெரிய விஷயமே இல்ல, ஈரம்தான் எமன். கூடலூர் பக்கம் ஜூன்லயே நனைஞ்சிரும், குன்னூர் கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகைதான் வச்சு செய்யும். பீரோக்குள்ள தொங்கற லெதர் பெல்ட்டே பூசணம் பூக்கற ஊர்ல ஃப்ளாப்பி மட்டும் தப்பிக்குமா?

பிபிசி மைக்ரோ 1981ல ஏகார்ன்ங்கற பிரிட்டிஷ் கம்பெனி போட்டது, 2 மெகாஹெர்ட்ஸ் 6502 ப்ராசஸர், 32 கேபி ராம் அவ்ளோதான். 1984ல மத்திய அரசு கிளாஸ்ங்கற கம்ப்யூட்டர் கல்வித் திட்டம்னு நம்ம ஸ்கூல்களுக்குக் குடுத்தது இதத்தான். கீபோர்டு இன்னைக்கும் டைப் பண்ண சுகமா இருக்கு, ஆன் பண்ண உடனே பேசிக் ப்ரோக்ராமிங் மொழி ரெடி. ஆனா யாராவது உங்களுக்கு இதைக் குடுத்தா ப்ளக்ல சொருகவே சொருகாதீங்க, முதல்ல பவர் சப்ளையக் கழட்டிப் பாருங்க. உள்ள தேன் கலர்ல கண்ணாடி மாதிரி ரிஃபாங்கற கம்பெனியோட கெப்பாசிட்டர் இருக்கும், மேல முடி முடியா விரிசல் தெரியும். அது உள்ள பேப்பர், விரிசல் வழியா ஈரம் குடிச்சு வச்சிருக்கும், கரண்ட் பட்டதும் படார்னு வெடிச்சு வீடு பூரா நாத்தம் புடிச்ச புகை. வேடிக்கை என்னன்னா அது வெறும் மெயின்ஸ் ஃபில்டர் (கரண்ட் லைன்ல வர்ற இரைச்சலை வடிகட்டறது)ங்கறதால பல சமயம் மெஷின் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். மெயின்ஸ்ல போடறதுக்குன்னே இருக்கற எக்ஸ்2 ரகத்துல பாலிப்ரோப்பிலீன் கெப்பாசிட்டர் போட்டுட்டா கவலை விட்டுச்சு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சில்லறைக் காசு.

386க்கு வியாதி வேற. போர்டுல பீப்பா மாதிரி நிக்கல் காட்மியம் பேட்டரி சால்டர் பண்ணியிருப்பாங்க, அது ஒழுகி பக்கத்து ட்ராக்கெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும், கீபோர்டு வேலை செய்யலன்னா முதல் சந்தேகம் அங்கதான். பேட்டரியப் பிடுங்கிட்டு வினிகர் தொட்டு பழைய டூத் பிரஷ்ல தேய்ங்க, ஒழுகறது காரம்ங்கறதால புளிப்புதான் அடக்கும், அப்புறம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல கழுவிக் காய வைங்க. அந்த இடத்துல சிஆர்2032 பட்டன் பேட்டரி போடறதா இருந்தா கரண்டை ஒரே பக்கமா விடற டயோடு ஒண்ணு கட்டாயம், இல்லன்னா போர்டு அதைப் போய் சார்ஜ் பண்ணப் பார்க்கும். நேர்மையா சொன்னா 386 எனக்கு வேலை வாங்கற அளவுக்கு சந்தோஷம் குடுக்கல.

ஃப்ளாப்பி உறைல டிஸ்க் தெரியற திறப்பு வழியா வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, வெள்ளையா வலை மாதிரி இருந்தா டிரைவ்ல போடக் கூடாது, அது பூசணம், டிஸ்க்கைப் படிக்கற ஹெட்டுல ஒட்டிக்கிட்டு அடுத்த நல்ல டிஸ்க்கையும் கீறிரும். என்னோடதுல பாதி அப்படித்தான் போச்சு. மிச்சத்தை கிரீஸ்வீசில்ங்கற யுஎஸ்பி போர்டு வச்சு இமேஜா (முழு டிஸ்க்கோட ஃபைல் காப்பி) எடுத்தாச்சு, 386ல இப்ப பென் டிரைவை ஃப்ளாப்பியா காட்டற கோடெக்தான் ஃப்ளாப்பி வேலை பார்க்குது.

பாதுகாக்கறதுல எனக்கு நல்லா ஒர்க் அவுட் ஆனது நம்ம ஊர் பழைய வழிதான், மர அலமாரிக்குள்ள கீழ் தட்டுல ஜீரோ வாட்ஸ் பல்பு. பேருதான் ஜீரோ, இழை பல்புன்னா சுமார் 15 வாட் இழுக்கும், அந்தச் சூடு போதும். இப்ப கடைல கேட்டா எல்இடியத் தூக்கிக் குடுக்கறாங்க, அது சுடவே சுடாது, பிரயோஜனமில்ல. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வைக்கறவங்க தயவுசெஞ்சு எடுத்துருங்க, உள்ள வேர்த்துப் போய் தண்ணி நிக்கும், காட்டன் துணி போதும். குளிர்ந்து கிடந்த மெஷினை அடுப்பு எரியற ரூமுக்குக் கொண்டு வந்ததும் ஆன் பண்ணாம ஒரு ராத்திரி அப்படியே விடுங்க. பழைய சிஆர்டி (பிக்சர் ட்யூப்) மானிட்டர் மழைக்காலத்துல உஸ்ஸுன்னு சத்தம் போட்டா உடனே ஆஃப், ஹை வோல்டேஜ் கசியுதுன்னு அர்த்தம்.

ஃபேக்டரில இருந்து கூடவே வந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மட்டும் இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்டும் குடுக்கல, ரிப்பன் இன்னும் கிடைக்குது, ஈரத்துல பேப்பர்தான் சுருண்டு மாட்டிக்குது.