டிரம்பெட் சாதகம்: ஆர்பனா, கிளார்க்கா, சரளி வரிசையா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் டிரம்பெட் எடுக்கிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. பேண்டு செட்டில் சித்தப்பா வாசிப்பதைப் பார்த்து வந்தவர் உண்டு, பள்ளிக்கூட பேண்டில் ஆரம்பித்தவர் உண்டு, டிரினிட்டி கிரேடு தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் உண்டு. "தினமும் ஸ்கேல் வாசி" என்று எல்லோரிடமும் சொல்கிறார்கள். எதை வைத்து வாசிப்பது என்பதைத்தான் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. கையில் இருக்கும் வழிகள் மூன்று: ஆர்பன், கிளார்க் என்று எழுதியவர் பெயராலேயே அழைக்கும் இரண்டு மேற்கத்தியப் பயிற்சிப் புத்தகங்கள், அப்புறம் கர்நாடக இசையின் ஆரம்பப் பாடமான நம்ம சரளி வரிசை.

முதலில் ஆர்பன். 1864-இல் பாரிஸில் கார்னெட்டுக்காக எழுதிய பெரிய புத்தகம், டிரம்பெட்காரர்கள் இன்றும் அதை விடவில்லை. ஸ்கேல், ஸ்லர் (நாக்கு போடாமல் ஸ்வரங்களை இணைத்து ஊதுவது), இடைவெளித் தாவல், அலங்காரங்கள், இரட்டை நாக்கு, மூன்று நாக்கு என்று எல்லாமே அதில் உண்டு. அதன் பலம் நாக்குதான். "து-கு, து-கு" என்று நாக்கை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு வேகத்தைக் கொண்டுவரும் பயிற்சி அதில் இருக்கிற மாதிரி வேறு எங்கும் விரிவாக இல்லை. நாகஸ்வரக்காரர்கள் வீட்டில் துத்துக்காரம் (நாக்கால் வெட்டி ஊதுவது) கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது சீக்கிரம் பிடிபடும். குறை என்னவென்றால் புத்தகம் மிகப் பெரியது, வாத்தியார் பக்கத்தில் இல்லாமல் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போகிற பையன் பாதியில் களைத்து நிறுத்திவிடுவான். அது எடுத்து எடுத்து வாசிக்க வேண்டிய புத்தகம்.

கிளார்க் வேறு ரகம். அமெரிக்காவின் சூசா பேண்டில் தனி வாசிப்புக்காரராக இருந்த ஹெர்பர்ட் கிளார்க் 1912-இல் போட்ட டெக்னிக்கல் ஸ்டடீஸ் சின்னப் புத்தகம்தான். முதல் பயிற்சி அரை அரை ஸ்வரமாக ஏறி இறங்கும், இரண்டாவது மேஜர் ஸ்கேலைச் சுற்றி வரும் ஒரு சின்ன வடிவம், அதையே எல்லா ஸ்ருதியிலும் வாசிக்க வேண்டும். அவர் வைக்கும் நிபந்தனைதான் முக்கியம்: முடிந்தவரை மெல்லிய சத்தத்தில், ஒரே மூச்சில், திரும்பத் திரும்ப. விரல் வால்வை உறுதியாக அமுக்கணும், மவுத்பீஸ் உதட்டில் லேசாகத்தான் படணும்.

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஏன் தேவை என்றால், பேண்டு செட்டில் முதல் நாளே சத்தமாக ஊதித்தான் பழகுகிறோம். தவில், டிரம்ஸ், ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் கேட்க வேண்டுமே. அதனால் மேல் நோட் வரும்போது மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்துகிற பழக்கம் வந்துவிடும், ஒரு மணி நேரத்தில் உதடு செத்துப் போகும். மெல்லிய சத்தத்தில் வாசித்தால் அழுத்துவதற்கு அவசியமே வராது. காற்றும் உதடும்தான் வேலை செய்தாக வேண்டும்.

இனி சரளி வரிசை. சாம்பசிவ ஐயரும் சுப்பராம ஐயரும் வீணையோடு ஊர்ப் பெயரைக் கொண்டுபோன காரைக்குடியில் இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் டிரம்பெட்டில் சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளையை வாசிக்கும்போது ச-வை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பி பிளாட் டிரம்பெட்டில் நோட்டில் எழுதும் நடு சி, பி பிளாட்டாகத்தான் கேட்கும்; அதை ச-வாக வைத்தால் ஆறரைக் கட்டை ஸ்ருதி. அமுக்க வேண்டிய வால்வுகள் இப்படி வரும்: ச எதுவும் வேண்டாம், ரி மூன்றும், க 1-2, ம 1, ப எதுவும் வேண்டாம், த 2-3, நி 2, மேல் ச எதுவும் வேண்டாம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் விரல் மாறுகிறது, நல்ல விரல் பயிற்சி. ஆனால் இரண்டாவது ஸ்வரமே மூன்று வால்வும் சேர்ந்து அமுக்குவது, அந்தச் சேர்க்கை எல்லா டிரம்பெட்டிலும் ஸ்ருதி ஏறித்தான் பேசும், மூன்றாவது வால்வின் ஸ்லைடை வெளியே தள்ளாமல் சரியாக வராது. ஆரம்பக்காரர் இங்கே தப்பான ரிஷபத்தையே காதில் பதித்துக்கொள்வார்.

அதே வரிசையை, நோட்டில் எழுதும் ஜி-யை ச-வாக வைத்து வாசியுங்கள், நாலு கட்டை. இப்போது ச, ம, மேல் ச மூன்றும் வால்வே இல்லாமல் வரும். க, த, நி மூன்றுக்கும் அதே இரண்டாவது வால்வுதான். ரி-க்கு 2-3, ப-வுக்கு 1. அதாவது தைவதத்திலிருந்து நிஷாதத்துக்குப் போகும்போது விரல் அசையாது, உதடுதான் ஏறணும். ஒரே சரளி வரிசை, சி-யில் விரலுக்கு, ஜி-யில் உதட்டுக்கு! இதை எந்தப் பேண்டு வாத்தியாரும் சொல்லிக் கொடுத்து நான் பார்க்கவில்லை, சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

சுருதிப் பெட்டியைப் போட்டு, மூன்று காலத்திலும் (வேகத்திலும்) வாசித்தால் காது கூர்மையாவது மாதிரி மேற்கத்திய புத்தகம் இரண்டிலும் ஆகாது. ஆனால் சரளி வரிசையை மட்டும் நம்பினால் ஒரே ச-வில் நின்றுவிடுவோம். சினிமாப் பாட்டு எந்த ஸ்ருதியில் வந்தாலும் பிடிக்க வேண்டிய பேண்டுக்காரருக்கு அது போதாது, கிரேடு தேர்வுக்கும் போதாது. கமகத்தை இதில் தேடவும் வேண்டாம். நாகஸ்வரத்தில் விரலை அரைகுறையாகத் திறந்து இழுக்கிற மாதிரி வால்வில் இழுக்க முடியாது, பாதி வால்வு வித்தை எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே உட்கார்ந்து வாசிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டு வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புச் சுவரும் சேர்ந்து எந்தச் சத்தத்தையும் அழகாக்கிக் காட்டும். சந்தோஷத்துக்கு அங்கே வாசியுங்கள், சாதகத்துக்குத் துணிமணி தொங்குகிற அறை நல்லது. சத்தத்தைக் குறைக்கும் மியூட் போட்டால் அக்கம்பக்கத்தார் நிம்மதியாக இருப்பார்கள், ஆனால் காற்று எதிர்த்துத் தள்ளும், ஸ்ருதியும் நகரும். தினமும் வேண்டாம்.

சரி, அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால்? நான் கிளார்க்கைத்தான் எடுப்பேன், இரண்டாவது பயிற்சி, நாளுக்கு இரண்டு ஸ்ருதி, அப்புறம் ஜி-யில் சரளி வரிசை. நாக்கு மந்தமாக இருக்கிற ஆளுக்கு மட்டும் ஆர்பனின் நாக்குப் பகுதியை நடுவில் நுழைப்பேன். முகூர்த்த மாதங்களில் இரவு ஊர்வலம் வாசித்துவிட்டு வந்தவர் மறுநாள் காலையில் மூன்றையும் விட்டுவிட்டு, கீழ் ஸ்தாயியில் நீளமாக, மெல்ல நாலைந்து நோட் ஊதி உதட்டைத் தளர்த்திக்கொண்டால் போதும்.