பழைய சன் சர்வரில் டிடிரெஸ்க்யூ: காசு கேட்காத ஒரு மென்பொருளைப் பற்றி

சாகக் கிடக்கும் டிஸ்க்கிலிருந்து டேட்டாவை நகலெடுத்து மீட்கும் குனு டிடிரெஸ்க்யூவுக்கு விலை கிடையாது, விளம்பரம் கிடையாது, அழகான ஜன்னலும் கிடையாது. கருப்புத் திரையில் சில வரி எண்கள் ஓடும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் மில்லின் பழைய சம்பளக் கணக்கு இன்றைக்குக் கையில் இருப்பது அதனால்தான். பழைய யூனிக்ஸ் பெட்டிகளை இன்னும் கட்டி மேய்க்கிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை எங்களுடையது. 2004-இல் வாங்கிய சன் ஃபயர் வி240 சர்வர், சன்னின் யூனிக்ஸான சோலாரிஸ் 9, 73 ஜிபி ஸ்கஸி (பழைய சர்வர்களின் டிஸ்க் இணைப்பு முறை) டிஸ்க் இரண்டு. ஒன்றில் சிஸ்டம், இன்னொன்றில் டேட்டா. அன்றாட வேலையெல்லாம் புது மென்பொருளுக்கு மாறிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் 2011 வரையான வருகை, சம்பளம், பிஎஃப் பிடித்தம் எல்லாம் இதில்தான். ஓய்வு பெறும் தொழிலாளி கிராஜுவிட்டி கேட்டு வந்தால் அவர் எந்தத் தேதியில் சேர்ந்தார், நடுவில் எப்போது நின்றார் என்று பார்த்தாக வேண்டும். 1995 ஓய்வூதியத் திட்டத்தில் யாருக்காவது சர்வீஸ் காலம் விட்டுப்போயிருந்தால் அதற்கும் இந்தப் பதிவேடுதான் சாட்சி. அதனால் பெட்டியை அணைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்ட ஒரு நாள் சர்வர் திரும்ப எழவில்லை. சீரியல் கேபிளை மாட்டி லேப்டாப்பில் பார்த்தால், டேட்டா டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டத்தை (ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் அமைப்பு) தன்னால் சரிசெய்ய முடியவில்லை, அதைச் சரிபார்த்துச் சீர்செய்யும் எஃப்எஸ்சிகேயைக் கையால் ஓட்டு என்று சொல்லிவிட்டு ரூட் பாஸ்வேர்டு கேட்டு நிற்கிறது. பராமரிப்பு ஒப்பந்தக் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். எடுத்த பையன் யோசிக்கவே இல்லை. "சார், மைனஸ் ஒய் போட்டு விட்டுடுங்க, அதுவே எல்லாத்தையும் சரி பண்ணிடும்" என்றான். டேப் டிரைவ் படுத்த பிறகும் மாதாமாதம் 'பேக்கப் ஓகே' என்று டிக் அடித்துக் கையெழுத்து வாங்கிப் போன கம்பெனி அது. வேறென்ன சொல்வார்கள்.

மைனஸ் ஒய், அதாவது எல்லாக் கேள்விக்கும் 'சரி', ஏன் கூடாது என்பதில்தான் இந்த விஷயமே இருக்கிறது.

எஃப்எஸ்சிகே கெட்ட புரோகிராம் இல்லை. கரண்ட் போனதால் மட்டும் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருந்தால் தாராளமாக ஓட்டலாம், நாலைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஐந்து கட்டமாகப் போகும்: பிளாக்குகள், பாதைகள், இணைப்பு, எண்ணிக்கை, கடைசியில் சிலிண்டர் குரூப். ஆனால் அதன் கவலையெல்லாம் ஃபைல் சிஸ்டத்தின் கட்டுக்கோப்பு பற்றித்தான், உங்கள் ஃபைல்களைப் பற்றி இல்லை. டிஸ்க்கே படிக்க முடியாமல் போயிருந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஐநோட்கள் (ஒவ்வொரு ஃபைலும் டிஸ்க்கில் எங்கே என்ற குறிப்புகள்) இருக்கும் ஒரு பிளாக்கைப் படிக்கப் போகும், டிஸ்க் கைவிரிக்கும். 'படிக்க முடியவில்லை, தொடரட்டுமா' என்று எஃப்எஸ்சிகே கேட்கும். மைனஸ் ஒய் போட்டிருந்தால் தானே 'சரி' சொல்லிக்கொள்ளும். படிக்க முடியாத இடத்தை வெறும் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்ஜியமான ஐநோட் என்றால் அங்கே ஃபைலே இல்லை என்று அர்த்தம். அடுத்த கட்டத்தில், அந்த ஐநோட்டைக் காட்டும் பெயர்களை டைரக்டரியிலிருந்து நீக்கட்டுமா என்று கேட்கும். அதற்கும் 'சரி'. இன்னொரு முறை முயன்றால் படித்திருக்கக்கூடிய ஃபைல்கள், கேள்வி கேட்பார் இல்லாமல் அழிந்துபோகும். எல்லாம் முடிந்து 'ஃபைல் சிஸ்டம் சுத்தம்' என்றும் சொல்லிவிடும். அது பொய்யும் இல்லை, சுத்தம்தான்.

ஆக, கை வைப்பதற்கு முன் நோய் எது என்று தெரிய வேண்டும். சோலாரிஸில் ஐஓஸ்டாட் கமாண்டுக்கு மைனஸ் ஈ என் கொடுத்தால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு ஜாதகம் வரும். டிரான்ஸ்போர்ட் எரர் மட்டும் ஏறியிருந்தால் கேபிள், கனெக்டர் பக்கம் சந்தேகப்படுங்கள். மீடியா எரர் ஏறியிருந்தால் தட்டிலேயே கோளாறு. இரண்டும் பூஜ்ஜியம் என்றால் எஃப்எஸ்சிகே போதும். எங்களுடையதில் மீடியா எரர். மெசேஜஸ் லாகைத் திறந்தால், கரண்ட் போவதற்கு வாரக்கணக்கில் முன்பிருந்தே அதே டிஸ்க் புலம்பியிருக்கிறது.

அடுத்து டிடிரெஸ்க்யூ. டிஸ்க்கைக் கழற்றி, அடாப்டெக் ஸ்கஸி கார்டு போட்ட ஒரு பழைய பிசியில் மாட்டினேன். சன்னில் வருவது 80 பின் கனெக்டர், கார்டில் 68 பின், நடுவில் ஒரு சின்ன அடாப்டர் வேண்டும். ரிச்சி தெருவில் பழைய சர்வர் சாமான் விற்கும் கடைகளில் தேடினால் கிடைக்கும். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் போட்ட பென் டிரைவில் பூட் செய்தால் டிடிரெஸ்க்யூ அதிலேயே இருக்கிறது. கொடுக்க வேண்டியது மூன்றே பெயர்: எந்த டிஸ்க்கிலிருந்து, எந்த ஃபைலுக்கு (டிஸ்க்கின் முழு நகலான இதைத்தான் இமேஜ் என்பார்கள்), மேப் ஃபைல் எது.

டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் சாதாரண டிடி கமாண்டு முதல் கெட்ட செக்டாரிலேயே (டிஸ்க்கின் சின்னத் துண்டு) நின்றுவிடும். பிழையை விட்டுத் தள்ளிப்போகச் சொன்னாலும் தலைகீழாகத் திரும்பி வரவெல்லாம் அதற்குத் தெரியாது. டிடிரெஸ்க்யூ முதலில் சுலபமாக வருவதையெல்லாம் அள்ளிக்கொள்கிறது. கெட்ட இடத்தில் முட்டினால் சண்டை போடாமல் தாண்டிக் குதிக்கிறது, திரும்ப முட்டினால் இன்னும் பெரிதாகக் குதிக்கிறது. அடுத்த சுற்றில் வால் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. நல்ல பகுதியெல்லாம் பத்திரமான பிறகுதான் கெட்ட பகுதிகளின் ஓரங்களைச் செதுக்கி, கடைசியாக உள்ளே ஒவ்வொரு செக்டாராகச் சுரண்டப் போகிறது. சாகப்போகும் டிஸ்க்கில் எவ்வளவு நேரம் மிச்சம் என்று நமக்குத் தெரியாது. அதனால் இந்த வரிசைதான் எல்லாமே.

மேப் ஃபைலைத் தனியாகப் பாராட்ட வேண்டும். வெறும் டெக்ஸ்ட் ஃபைல். டிஸ்க்கின் எந்தப் பகுதி முடிந்தது, எது தொடப்படவே இல்லை, எது கெட்டது என்று பிளஸ், மைனஸ், கேள்விக்குறி போட்டு எழுதி வைத்திருக்கும். நடுவில் நிறுத்தலாம், டிஸ்க்கை ஆறவிடலாம், பிசியையே அணைக்கலாம். திரும்ப அதே கமாண்டைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து போகும். நான் டிஸ்க்குக்கு நேராக ஒரு டேபிள் ஃபேனை வைத்து, சூடு ஏறினால் நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். டிஸ்க்கை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லும் யூட்யூப் வைத்தியத்தை மட்டும் நம்பாதீர்கள். நம் ஊர்க் காற்றில் வெளியே எடுத்த நொடி வேர்த்து ஊற்றும்.

நல்ல பகுதி சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. சுரண்டலுக்குத்தான் ராத்திரி முழுக்கப் பிடித்தது. முடிவில் 73 ஜிபியில் வராமல் போனது ஐம்பது அறுபது கேபி. இதைக் கேட்டுவிட்டு பே-ரோல் செக்‌ஷன் அண்ணன் வந்து, "ஏனுங்க, அந்த அறுவதுல நம்ம ரெஜிஸ்டர் ஏதாச்சும் மாட்டியிருக்குதுங்களா?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கும் இந்த மென்பொருளில் பதில் இருக்கிறது.

ஃபில் மோடு என்று ஒரு வசதி. மேப் ஃபைலில் கெட்டது என்று குறித்த இடங்களில் மட்டும், இமேஜுக்குள் நாம் கொடுக்கும் ஒரு அடையாள வார்த்தையை நிரப்பிவிடும். மூல இமேஜில் இதைச் செய்யாதீர்கள், எஃப்எஸ்சிகே குழம்பிப் போகும். ஒரு நகல் எடுத்து அதில் நிரப்பி, லினக்ஸில் படிக்க மட்டும் மவுண்ட் செய்தேன். சன் வகை யுஎஃப்எஸ் (சோலாரிஸின் ஃபைல் சிஸ்டம்) என்று குறிப்பிட்டால் லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும். அப்புறம் அந்த வார்த்தையை கிரெப் கமாண்டால் தேடினால் அடிபட்ட ஃபைல்களின் பெயர் வரிசையாக வந்துவிடுகிறது. பெரும்பாலும் பழைய லாக் குப்பை. ஒன்றே ஒன்று மட்டும் வேண்டியது: 2006 நவம்பர் மாதச் சம்பளப் பதிவேடு, கோன் வைண்டிங் பகுதி. ஒரு செக்டார் 512 பைட். எங்கள் அறிக்கை 132 எழுத்து அகலம், டாட் மேட்ரிக்ஸ் காலத்துக் கணக்கு. ஆக ஒரு செக்டார் போனால் நாலைந்து வரி அடிபடும். பதிவேட்டைத் திறந்தால் ஒரு பெண் தொழிலாளியின் பெயர் பாதியில் அறுந்து, நடுவில் என் அடையாள வார்த்தை திரும்பத் திரும்ப ஓடி, வேறொருவருடைய பிஎஃப் பிடித்தத்தில் போய் வரி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நாலு பேர் கணக்கையும் ரெக்கார்டு ரூமிலிருந்த கார்பன் பிரதியைப் பார்த்து அண்ணனே எழுதிக் கொடுத்துவிட்டார்.

எந்த ஃபைல் முழுசு, எது ஊனம் என்று கையில் பட்டியலோடு உட்காரும் தெம்பை வேறெந்த மென்பொருளும் எனக்குக் கொடுத்ததில்லை.

எஃப்எஸ்சிகேயின் முறை இதற்குப் பிறகுதான் வந்தது. சன் யுஎஃப்எஸ்ஸைச் சரிசெய்ய லினக்ஸில் நம்பகமான கருவி இல்லை, சோலாரிஸுக்கே திரும்ப வேண்டும். நிரப்பாத இமேஜை ஒரு நல்ல ஸ்கஸி டிஸ்க்கில் எழுதி வி240-இல் செருகி, சிங்கிள் யூசரில் பூட் செய்து, முதலில் மைனஸ் என் போட்டு ஓட்டினேன். எல்லாக் கேள்விக்கும் 'வேண்டாம்' என்று பதில் சொல்லிக்கொண்டு, எதையும் எழுதாமல், என்னென்ன செய்யப் போகிறேன் என்று மட்டும் காட்டும். நிஜமாக ஓட்டியபோது அனாதையான சில ஃபைல்களை ஐநோட் எண்ணையே பெயராக வைத்து லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட் டைரக்டரியில் போட்டது. கெட்டுப்போனால் இமேஜை இன்னொரு தரம் எழுதிக்கொள்ளலாம் என்ற நிலையில் அதன் கேள்விகளுக்குப் பதில் சொல்வது சுகமாகத்தான் இருக்கிறது.

யுஎஃப்எஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. சூப்பர் பிளாக், அதாவது ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புக் குறிப்பு, போய்விட்டது என்று எஃப்எஸ்சிகே சொன்னால் பயப்படாதீர்கள். டிஸ்க் முழுக்க அதன் பிரதிகள் சிதறிக் கிடக்கும், முதல் பிரதி பொதுவாக 32-ஆம் பிளாக்கில். மற்றவை எங்கே என்று புது ஃபைல் சிஸ்டம் போடும் நியூஎஃப்எஸ் கமாண்டுக்கு மைனஸ் பெரிய என் கொடுத்துப் பார்க்கலாம். அந்த மைனஸ் என் விட்டுப்போனால் ஃபைல் சிஸ்டமே புதிதாகிவிடும், எனவே அந்த வரியை அடிக்கும்போது யாரையும் பேசவிடாதீர்கள். சூப்பர் பிளாக்கை அடையாளம் காட்டும் மேஜிக் எண் 011954. பெர்க்லியில் இதை எழுதிய கிர்க் மெக்குசிக்கின் பிறந்த நாள், 1954 ஜனவரி 19. எத்தனை கம்பெனிகளின் கணக்குவழக்கு அந்த மனிதருடைய பிறந்த நாளை நம்பி இருந்திருக்கிறது!

டிடிரெஸ்க்யூவில் குறை இல்லாமல் இல்லை. முதல் தொல்லை பெயர். டிடி அண்டர்ஸ்கோர் ரெஸ்க்யூ என்று வேறொருவருடைய மென்பொருள் ஒன்று உண்டு, கமாண்டு முறையும் வேறு. டெபியன், உபுண்டுவில் குனு டிடிரெஸ்க்யூ வேண்டுமென்றால் பெயருக்கு முன்னால் ஒரு 'ஜி' சேர்த்துத்தான் பேக்கேஜைத் தேட வேண்டும். மூலமும் இலக்கும் இடம் மாறினால் மிச்சமிருக்கும் டேட்டாவும் போய்விடும். இலக்கு ஒரு டிஸ்க் என்றால் ஃபோர்ஸ் என்று தனியாகச் சொல்லாமல் எழுத மாட்டேன் என்கிறது, அது நல்ல தடுப்பு. ஆனால் ஃபைலுக்குத்தான் எழுதப் போகிறீர்கள் என்றால் ஃபோர்ஸ் பக்கமே போகாதீர்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டும் ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்கை அப்படியே கொடுத்துப் பயனில்லை, கழற்றி நேராக மாட்ட வேண்டும். டிஸ்க் சுற்றவே இல்லை, டிக் டிக் என்று தட்டுகிறது என்றால் எந்த மென்பொருளும் வேண்டாம், உடனே கரண்டைப் பிடுங்கிவிட்டு டேட்டா ரெகவரி லேபுக்குக் கொண்டுபோங்கள்.

ஸ்பெயின்காரர் அன்டோனியோ டியாஸ் டியாஸ் 2004-லிருந்து இதைப் பராமரித்து வருகிறார். அவர் எழுதிய மேனுவலைப் படிக்காமல் இறங்காதீர்கள். மேலே சொன்ன ஃபில் மோடை நான் கற்றதும் அதில்தான். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மார்க் அந்தப் பெயர்க் குழப்பத்துக்காகப் பிடித்துக்கொண்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: மாற்று டிஸ்க்கும் 73 ஜிபியே வேண்டும் என்று தேடி அலையாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி செக்டார் எண்ணிக்கை கொஞ்சம் முன்பின் இருக்கும், ஒரு செக்டார் குறைந்தாலும் இமேஜ் முழுசாக உட்காராது. 146 ஜிபி ரீஃபர்பிஷ்டு டிஸ்க்கை வாங்கிவிடுங்கள். டிஸ்க்கின் அளவும் பிரிவுகளும் எழுதியிருக்கும் லேபிளும் இமேஜோடு வந்துவிடுவதால் சோலாரிஸ் அதை 73 என்றே நினைத்துக்கொள்ளும், மீதி இடம் சும்மா கிடக்கட்டும். கடையிலேயே சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள்.