கிங்லி வேல் யூ தோப்பு: உச்சியை விட அடிவாரம்தான் விசேஷம்

இங்கிலாந்தில் யூ (yew) என்ற ஊசியிலை மரம் பெரும்பாலும் தேவாலய முற்றத்தில் ஒற்றையாக நிற்கும். அதைக் காடாகவே பார்க்க வேண்டுமென்றால், மேற்கு சசெக்ஸில் சிச்செஸ்டருக்கு வடமேற்கே இருக்கும் கிங்லி வேலுக்குப் போகலாம். 1952-லேயே தேசிய இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட இடம். கட்டணம் இல்லை, கழிப்பறையும் கடையும்கூட இல்லை. தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

வெஸ்ட் ஸ்டோக் கிராமத்துக் கார் நிறுத்துமிடத்திலிருந்து வயலோரப் பாதையில் கால் மணி நேரத்துக்குக் குறையாத நடை. வாசலைத் தாண்டியதும் பலர் நேரே போ ஹில் உச்சிக்கு ஏறிவிடுகிறார்கள். அங்கே வெண்கலக் கால ஈமமேடுகள் இருக்கின்றன, கடல்வரை காட்சி தெரியும், எல்லாம் சரி. ஆனால் பழைய மரங்கள் பள்ளத்தாக்கின் அடியில்தான். கையில் இருக்கும் நேரத்தில் பாதியை அங்கேயே செலவிடுங்கள்.

வானுயர்ந்த மரங்களை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நெருக்கமாக முளைத்த இளமரங்கள் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு ஒல்லியாக உயர்கின்றன. கிழடுகளோ பக்கவாட்டில் பரவுகின்றன. கிளைகள் வளைந்து தரையைத் தொட்டு, தொட்ட இடத்திலேயே வேர்விட்டு மறுபடி எழும்புகின்றன. எது தாய்மரம், எது கிளை என்று பிரித்தறிவதே சிரமம். வயதைப் பற்றிச் சொல்லப்படும் ஆயிரக்கணக்கான ஆண்டுக் கணக்குகளை அப்படியே நம்ப வேண்டாம்: நடுத்தண்டு உளுத்து உள்ளீடற்றுப் போவதால் வளையங்களை எண்ண வழியில்லை. வைக்கிங் வீரர்களின் கல்லறை மேல் முளைத்தவை என்பதும் ஊர்க்கதையே.

மரத்தடியில் புல்கூட முளைக்காத அளவுக்கு நிழல். படம் எடுப்பவர்கள் நண்பகலைத் தவிர்க்கவும். இலை இடுக்கில் விழும் வெயில் திட்டுத்திட்டாகப் படத்தைக் கெடுக்கும். மேகமூட்டமான நாள் உத்தமம். வெளியே திறந்த புல்வெளியில் கோடையில் சாக்ஹில் நீல வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும். அங்கே செம்மறிகள் மேய்வதும் காரணத்தோடுதான்: மேய்ச்சல் நின்றால் புல்வெளியைப் புதர் மூடிவிடும். ஆடுகள் இருப்பதால் நாயைக் கயிற்றில் பிடித்தே நடத்துங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்கள் இலையுதிர் காலத்தில் கூடுதல் கவனமாக இருக்கவும். யூ மரத்தில், விதையைச் சூழ்ந்த சிவப்புச் சதையைத் தவிர இலை, பட்டை, விதை எல்லாமே விஷம். காய்ந்த இலைக்கும் வீரியம் குறையாது. பறவைகள் விதையை மெல்லாமல் முழுசாகக் கழிப்பதால் தப்பிக்கின்றன. குழந்தை கடித்து விழுங்கினால் இதயத்தையே பாதிக்கும், அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

உச்சியையும் சேர்த்துச் சுற்றிவர, நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். மழைக்குப் பின் சுண்ணாம்புத் தரை சோப்புப் போல வழுக்கும், அதிலும் இறக்கத்தில்தான் ஆபத்து. பிடிப்புள்ள பூட்ஸ் அவசியம். தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் செங்குத்தான ஏற்றத்துக்குச் சரிப்படாது.